கட்டி முடித்தார்கள், காரணம் சொல்லத் தெரியவில்லை: ஐந்தாம் ஆண்டு பனிக்கட்டிப் பெட்டித் திட்டம்

தோட்டப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கை 150-ஐ எட்டாது. என் வகுப்பில் 14 பேர். பெற்றோரில் பலர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், மற்றவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் சென்று வருபவர்கள். பாடநூலைப் படித்துப் பயிற்சி நூலில் விடை எழுதுவதோடு நின்றுவிடாமல், பிள்ளைகளே ஒரு பொருளை வடிவமைத்து, சோதித்து, திருத்தியமைக்கும் வழியில் வெப்பத்தைக் கற்பிக்க வேண்டும் என்று இந்தப் பருவத்தில் ஒரு திட்டப்பணியைத் தொடங்கினேன்.

எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வருபவரைப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அவருடைய பெட்டியில் உள்ள பனிக்கட்டி மதியம் வரை உருகாமல் இருக்க எத்தகைய பெட்டி வேண்டும் என்பதே நான் கொடுத்த சிக்கல். பழைய துணி, செய்தித்தாள், அலுமினியத் தாள், தேங்காய் நார், பொலிஸ்டிரின் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டுவந்து, நான்கு குழுக்களாகப் பிரிந்து, மிகுந்த உற்சாகத்தோடு கட்டினார்கள். வழக்கமாக வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள்கூட அன்று பேசினார்கள். அதில் எனக்கு மனநிறைவே. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றில் சில எனக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குவளையில் பனிக்கட்டியை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்தோம். எல்லாப் பெட்டிகளிலும் ஏறத்தாழ 0 பாகை செல்சியஸ் என்ற ஒரே அளவுதான் வந்தது, பிள்ளைகள் சலித்துப்போனார்கள். கடைசியில் கண்ணால் பார்த்தே பெரிய கட்டி மிஞ்சியிருந்த குழுவை முதலிடம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவினரிடம் "உங்கள் பெட்டி ஏன் நன்றாக வேலை செய்தது?" என்று கேட்டால், "எல்லாவற்றையும் போட்டோம் டீச்சர்" என்கிறார்கள். உண்மையில் அவர்கள் துணி, நார், தாள், பொலிஸ்டிரின் என எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். எளிதிற் கடத்தி, அரிதிற் கடத்தி என்ற சொற்கள் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஒரு மாணவி, துணியைச் சுற்றினால் பனிக்கட்டிக்குச் சூடேறிவிடும் என்று சொல்லித் தன் குழுவைத் துணியே பயன்படுத்தவிடாமல் தடுத்துவிட்டாள். கடைசி இடம் பெற்ற குழு பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனது.

கட்டுவதில் கிடைத்த ஆர்வத்தை அறிவியல் விளக்கம் வரை எப்படிக் கொண்டுசெல்வது? இதற்கு இத்தனை பாடவேளைகளைச் செலவிடுவது தகுமா? வகுப்பறை மதிப்பீட்டுக்கு இதில் என்ன சான்று கிடைக்கும் என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அறிவியல் ஆசிரியர், பகாவ்:

வணக்கம் ஆசிரியை. முதலில் வெப்பமானியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. பனிக்கட்டியும் நீரும் சேர்ந்திருக்கும் வரை, உள்ளே வரும் வெப்பம் முழுவதும் கட்டியை உருக்குவதற்கே செலவாகும். கலவையின் வெப்பநிலை 0 பாகையை விட்டு அசையாது. ஒரு கிராம் பனிக்கட்டியை 0 பாகையிலேயே நீராக்குவதற்கு ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். ஆகவே மோசமான பெட்டிக்குள் வெப்பம் நிறையப் புகுந்திருந்தாலும், நல்ல பெட்டிக்குள் சிறிதே புகுந்திருந்தாலும், கட்டி மிஞ்சியிருக்கும் வரை வெப்பமானிக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சோதனையில் அளக்க வேண்டியது உருகிய நீரின் அளவு. மருந்துக்கடையில் விற்கும் ஊசியில்லாத 20 மில்லிலிட்டர் பீச்சுக்குழல் இதற்குப் போதும். அளவு உருளை இருந்தால் இன்னும் நல்லது.

இதையும் நீங்களே அறிவித்துவிடாதீர்கள் என்று சொல்வேன். "வெப்பமானி எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது, ஆனால் ஒரு குவளையில் நீர் அதிகம், மற்றதில் குறைவு, அப்படியானால் நாம் எதை அளக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நீரை அளக்கலாம் என்று தாமாகவே சொல்லிவிடுவார்கள். எதை அளப்பது என்று தீர்மானிப்பது சோதனையின் பாதி வேலை. நம் பயிற்சி நூல்களில் அந்தப் பாதி எப்போதும் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது.

அடுத்தது, "எல்லாவற்றையும் போட்டோம்" என்ற பதில். நீங்கள் கொடுத்த சிக்கலுக்கு அது முற்றிலும் நியாயமான பதில். உருகக் கூடாது என்று சொன்னீர்கள், அவர்கள் உருகாமல் பார்த்துக்கொண்டார்கள். காரணம் தெரிய வேண்டும் என்பது அந்தப் பணிக்குள் இருக்கவில்லை. எனவே கட்டுவதற்கு முன்னால் சோதிக்கும் கட்டம் ஒன்றைத் தனியாக வையுங்கள். அதில் பெட்டியே கிடையாது, குவளைகள் மட்டும்தான்.

நான் செய்யும் முறை இது. ஒரே அளவுள்ள மூடியிட்ட பிளாஸ்டிக் குவளைகளில் 50 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, முதல் நாளே சிற்றுண்டிச்சாலை அக்காவின் உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் குழாய் வடிவப் பனிக்கட்டிகள் ஒன்றுக்கொன்று எடை மாறுபடும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உங்களிடம் 14 பேர் இருப்பதால் ஏழு இணைகள் அமையும். மூன்று பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் இரண்டு இணைகளிடம் கொடுங்கள். ஏழாவது இணையின் குவளை எதுவும் சுற்றப்படாமல் இருக்கட்டும். சுற்றும் கனம் ஒன்றாக இருக்க வேண்டும், எல்லாக் குவளைகளும் ஒரே மேசையில் நிழலில் இருக்க வேண்டும், அரை மணி நேரம் கழித்து எல்லாரும் ஒரே சமயத்தில் மூடியைத் திறந்து நீரை உறிஞ்சி அளக்க வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தில் இது அடங்கிவிடும்.

ஒரே பொருளை இரண்டு இணைகளிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே துணியை ஒரே மாதிரி சுற்றியிருந்தாலும் இரு இணைகளுக்கும் ஒரே அளவு நீர் கிடைக்காது. அந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, துணிக்கும் செய்தித்தாளுக்கும் இடையிலான வேறுபாடு அதைவிடப் பெரியதா சிறியதா என்று கேளுங்கள். சிறியதாக இருந்தால் எது சிறந்தது என்று அன்று முடிவு சொல்ல முடியாது. "தெரியவில்லை, மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்" என்று பத்து, பதினொரு வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்பது எனக்கு எந்தப் போட்டிப் பரிசையும்விடப் பெரிது.

நம் நாட்டுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த காற்றில் குளிர்ந்த குவளையின் வெளிப்புறம் வியர்க்கும். அவ்வாறு ஒரு கிராம் நீராவி நீராகப் படியும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ ஏழு கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. தவிர, சுற்றியுள்ள துணியும் நனைந்துவிடும். நனைந்த துணியில் காற்று இருந்த இடங்களை நீர் பிடித்துக்கொள்கிறது, நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. எனவே சுற்றாத ஏழாவது குவளை உட்பட எல்லாக் குவளைகளையும் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டிவிடுங்கள். பிறகொரு நாள், உலர்ந்த துணி, நனைந்த துணி என்ற இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தால், துணிக்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்கிறார்கள். கசக்கிச் சுற்றிய செய்தித்தாளையும் மடித்து அழுத்திச் சுற்றிய செய்தித்தாளையும் ஒப்பிடுவதும் அதே கருத்துக்கு இட்டுச்செல்லும்.

துணி சூடேற்றும் என்று சொன்ன மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும் எண்ணம் அது. போர்வைக்குள் படுத்தால் நமக்குச் சூடாக இருக்கிறது, ஆகவே போர்வை சூடு தருகிறது என்பது அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்த முடிவு. அதைத் தவறு என்று சொல்லி மூடிவிட வேண்டாம். ஒரு வெப்பமானியைப் போர்வையில் சுற்றி வகுப்பறையில் வைத்து, வெளியே இன்னொரு வெப்பமானியை வைத்து, மறுநாள் காலையில் இரண்டையும் அந்த மாணவியையே படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சூடு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிறகு அவளே கேட்பாள்.

இவை முடிந்த பிறகுதான் பெட்டி. அப்போது விதி ஒன்று உண்டு: பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வகுப்பு அட்டவணையிலிருந்து ஒரு காரணம் காட்ட வேண்டும், காரணம் காட்ட முடியாத பொருளை வெளியே எடுத்துவிட வேண்டும். செலவுக்கும் ஓர் எல்லை வையுங்கள். இரண்டு ரிங்கிட் போதும். எல்லை இல்லாத இடத்தில் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை, குவிக்கிறார்கள்.

ஆசிரியர் கல்விக் கழக முன்னாள் விரிவுரையாளர், ஈப்போ:

நண்பர் பகாவ் ஆசிரியர் கூறிய சோதனை முறையை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்வார்கள் என்று அவர் ஓரிரு இடங்களில் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஆசிரியை கண்ட நிலை புதியதன்று. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குக் கால்வாயில் படகின் வேகம், கம்பிச்சுருளின் நீட்சி ஆகியவை பற்றிய சோதனைகள் கொடுக்கப்பட்டன. விரும்பிய விளைவைப் பெற வேண்டும் என்ற நோக்கோடு செயல்படும்போது பிள்ளைகள் பயன் தருவதாகத் தாம் நம்பும் மாறிகளிலேயே (சோதனையில் மாறக்கூடிய கூறுகளிலேயே) கவனம் செலுத்தி, விளைவு கிடைத்ததும் நிறுத்திக்கொள்வதும், எது எதைப் பாதிக்கிறது என்று அறியும் நோக்கோடு செயல்படும்போது விளைவை மாற்றாத மாறிகளையும் சேர்த்து முறையாக ஆராய்வதும் அதில் விவாதிக்கப்பட்டன. முன்னதைப் பொறியாளர் போக்கு என்றும் பின்னதை அறிவியலாளர் போக்கு என்றும் அந்த ஆய்வாளர்கள் பிரித்தார்கள். உங்கள் மாணவர்கள் முதல் போக்கில் சிறப்பாகச் செயல்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது போக்கு கட்டுவதால் மட்டும் வந்துவிடாது.

மாறிகளைக் கட்டுப்படுத்துவதைக் குறித்து இன்னொன்று. 2004-இல் கிளார், நிகாம் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம், நான்காம் வகுப்பைச் சேர்ந்த 112 பிள்ளைகள் சரிவுப் பலகையில் பந்துகளை உருட்டிச் சோதனைகளை அமைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளோடு நேரடியாகக் கற்பிக்கப்பட்ட பிரிவில் 77 விழுக்காட்டினர் அத்திறனை அடைந்தனர். தாமே கண்டறிய விடப்பட்ட பிரிவில் 23 விழுக்காட்டினரே அடைந்தனர். தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது, நாம் அளப்பது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாற்றாமல் வைப்பது) என்ற மூன்றையும் நம் பாடத்திட்டம் ஏற்கெனவே வைத்திருக்கிறது. திட்டப்பணி தொடங்குவதற்கு முன், ஒரு பாடவேளையை எடுத்து, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஒரு சோதனையைப் பிள்ளைகள் முன் வையுங்கள்: ஒரு குவளை துணியில், வெயிலில், மற்றது தாளில், நிழலில். இதிலிருந்து எது சிறந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டு, ஏன் முடியாது என்பதைத் தெளிவாக விளக்கிவிடுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுக்கு எடை கூடியிருக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் அது பயிற்சித்தாள்களைக் கோப்பில் சேர்க்கும் வேலையாகவே நடந்துவருகிறது. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக எழுதும் ஒரு பக்கம் போதுமான சான்று: எந்தக் கேள்விக்கு விடை தேடினோம், எதை மாற்றினோம், எவற்றை மாற்றாமல் வைத்தோம், எதை அளந்தோம், கிடைத்த எண்கள் என்ன, அவற்றைக் கொண்டு பெட்டியில் என்ன மாற்றம் செய்தோம், ஏன். பெட்டி குழுவினுடையது, இந்தப் பக்கம் அந்த மாணவருடையது. ஆறு அடைவு நிலைகளில் எங்கே நிற்கிறார் என்பதை இந்தப் பக்கத்தைக் கொண்டு தீர்மானியுங்கள். பெட்டியின் அழகைக் கொண்டு தீர்மானித்தால், வீட்டில் அப்பா உதவிய பிள்ளைக்குத்தான் நிலை உயரும்.

எல்லாப் பாடங்களையும் இப்படி நடத்த வேண்டும் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு பருவத்தில் ஒன்று போதும்.

அறிவியல் ஆசிரியர், பகாவ்:

ஐயா குறிப்பிட்ட 2004-ஆம் ஆண்டு ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் 2007-இல் டீன், கூன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பல வாரங்கள் தொடர்ந்து கவனித்தபோது, ஒருமுறை நேரடியாகக் கற்பித்ததால் மட்டும் பலன் நிலைத்து நிற்கவில்லை என்பதையும், திரும்பத் திரும்பச் சோதனைகளில் ஈடுபட்ட பிள்ளைகள் நீண்ட காலத்தில் நன்றாகத் தேறியதையும் கண்டார்கள். எனவே கெடுக்கப்பட்ட சோதனையை முதலில் விளக்கிவிடுவதில் எனக்கும் உடன்பாடுதான். அதற்குப் பிறகு துணி, நனைந்த துணி, கசக்கிய தாள் என்று அதே திறனை வெவ்வேறு கேள்விகளில் பயன்படுத்த இடம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் விளக்கி, ஒரு நாள் செய்து, மூடிவைத்தால் இரண்டு ஆய்வுகளுமே நமக்கு உதவா.

குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட்:

வணக்கம் டீச்சர். நான் ஆசிரியர் இல்லை. இதே ஊரில் குளிர்பெட்டி, குளிரூட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன், என் மகன் வேறொரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். மேலே பெரியவர்கள் எழுதியதைப் படித்தபோது, எல்லாரும் சுவரைப் பற்றியே பேசுகிறார்கள், மூடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர்பெட்டியில் குளிர் நிற்கவில்லை என்று கொண்டுவரப்படும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைத்தான். அது வெடித்திருந்தாலோ கடினமாகிப் போயிருந்தாலோ, சுவருக்குள் எவ்வளவு நல்ல நுரை இருந்தாலும் பயன் இல்லை, வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் செய்யும் பெட்டியிலும் இதே கதைதான் நடக்கும். சுவரை மூன்று அடுக்கு வைத்துவிட்டு மூடியை ஓர் அட்டைத் துண்டால் மூடியிருப்பார்கள். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளைச் செய்து, ஒன்றின் மூடி ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டி, மற்றதை அப்படியே விட்டு, உருகிய நீரை அளக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் எண்ணைப் பார்த்தால் மூடியின் மதிப்பு அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்க்கலாம். மீன்காரர் பெட்டியை மூடியே வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் திறக்கிறார். ஆகவே சோதனையிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூட வேண்டும். இல்லாவிட்டால் அது மீன்காரர் பெட்டியாகாது. குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். பெட்டியின் வாய் மேலே இருந்தால் திறக்கும்போது அது பெரும்பாலும் உள்ளேயே நிற்கும், பக்கவாட்டில் இருந்தால் வெளியே வழிந்துவிடும். கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கும் உறைபெட்டிகள் மேலே திறப்பவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கே வாய் வைப்பது என்பதையும் வடிவமைப்பில் ஒரு கேள்வியாகப் பிள்ளைகளிடம் விடலாம்.

அலுமினியத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அது பளபளப்பாக இருப்பதால் பிள்ளைகள் அதை மிகவும் நம்புவார்கள். வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் அது கெட்டிக்காரன்தான். ஆனால் அதுவே உலோகம், தொட்டுக்கொண்டிருக்கும் வெப்பத்தை உடனே கடத்திவிடும். பனிக்கட்டிக் குவளையோடு ஒட்டிச் சுற்றினால் பெரிய பலன் இராது. வெயிலில் ஒரு சோதனை, நிழலில் ஒரு சோதனை என்று செய்து பார்த்தால் அதன் குணம் விளங்கும்.

பழைய குளிர்பெட்டியின் சுவரை வெட்டி எடுத்த துண்டு ஒன்று என் கடையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நுரையைப் பிள்ளைகள் பார்க்கலாம். வேண்டுமானால் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன். நுரையை நகத்தால் சுரண்டவிட வேண்டாம், தூள் மூக்கில் ஏறும்.

கூட்டு வகுப்பு ஆசிரியை, தாப்பா:

என் அனுபவம் தாள் பாலத்தில். இரண்டு வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பதால், செலவில்லாத, ஒரு பாடவேளைக்குள் பலமுறை திரும்பச் செய்யக்கூடிய சோதனையே எங்களுக்கு ஏற்றது. ஒரே அளவுள்ள ஏ4 தாள், இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர் இடைவெளி, நடுவில் நாணயங்கள். தட்டையாக வைத்த தாள் தன் எடையிலேயே தொய்ந்துவிடும், விசிறிபோல் மடித்த தாள் பல நாணயங்களைத் தாங்கும். மடிப்பின் எண்ணிக்கையை மட்டும் மாற்றி, எத்தனை நாணயத்தில் சரிகிறது என்று அட்டவணையில் எழுதுகிறார்கள். சிறியவர்கள் எண்ணுவார்கள், பெரியவர்கள் வரைபடம் போடுவார்கள்.

நாணயங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2012-இல் வெளியான மஞ்சள் நிற 20 காசு 4.18 கிராம் எடையுள்ளது. அதற்கு முந்தைய வெள்ளை நிற 20 காசு ஏறத்தாழ 5.65 கிராம். இரண்டையும் கலந்து அடுக்கினால் சோதனை கெட்டுவிடும். என் மாணவர்களில் ஒருவன் இதைக் கவனித்து, தன் குழு எதிர்க்குழுவால் ஏமாற்றப்பட்டதாகப் புகார் கொடுத்தான். அன்றைக்கு மாறிகளைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

தோட்டப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வெப்பமானி ஏன் அசையவில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அதையே அடுத்த பாடத்தின் தொடக்கக் கேள்வியாக வைக்கப்போகிறேன். முதலில் ஐயா சொன்ன கெடுக்கப்பட்ட சோதனை, பிறகு ஏழு இணைகளின் குவளைச் சோதனை, பிறகு நனைந்த துணி, அதன் பிறகு பெட்டி என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு பக்கச் சான்றைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கடைக்காரர் அண்ணனின் உதவியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். பள்ளிக்கு வருவதற்கான அனுமதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கேட்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெட்டியைக் குப்பையில் போட்ட குழுவை என்ன செய்வது? முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிடலாமா? அப்படி நிறுத்தினால் உற்சாகமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அறிவியல் ஆசிரியர், பகாவ்:

நிறுத்த வேண்டியதில்லை, எதற்கு இடம் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால் போதும். முதல் பெட்டிக்கும் திருத்திய பெட்டிக்கும் இடையே உருகிய நீர் எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிட்டு, அதிகமாகக் குறைத்த குழுவைப் பாராட்டுங்கள். கடைசி இடத்தில் இருந்த குழுவுக்குத்தான் முன்னேற அதிக இடம் இருக்கிறது, ஆகவே அவர்கள் பெட்டியைத் தூக்கியெறிய மாட்டார்கள். அமெரிக்காவில் 2013-இல் வெளியிடப்பட்ட அறிவியல் தரநிலைகளில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கே, மாறிகளைக் கட்டுப்படுத்திச் சோதித்து, பொருள் எந்த இடத்தில் தோற்கிறது என்பதைக் கண்டு அதை மேம்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தோற்ற இடத்தைக் கண்டுபிடிப்பதும் அங்கே பாடத்தின் ஒரு பகுதி.

அதைச் செய்ய எளிய வழி உண்டு. சோதனை முடிந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், வெளிப்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மூலை குளிர்ந்திருக்கிறதோ அல்லது நனைந்திருக்கிறதோ, அங்கேதான் வெளி வெப்பம் எளிதாக உள்ளே புகுந்திருக்கிறது. அந்த மூலையை மெழுகுக்கோலால் குறித்து, திருத்தும் நாளில் அந்த ஒரு மூலையை மட்டும் மாற்ற வேண்டும் என்று விதி வையுங்கள். முழுப் பெட்டியையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று மறுபடியும் தெரியாமல் போய்விடும்.

குப்பையில் போட்ட பெட்டி கிடைத்தால் எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் குழு புதிதாகச் செய்யட்டும். அவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ரிங்கிட் கொடுக்காதீர்கள், மற்ற குழுக்கள் உடனே கணக்குக் கேட்கும்.